பதினாறு அணிகளும் ஒரு மலைப்பாதையும்

கட்டக்கா என்று நாங்கள் கூப்பிட்டதற்கு அவருடைய உடம்பு காரணமில்லை. ஆள் ஒல்லி, உயரம். காலையிலிருந்து மாலைவரை கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பார். கட்டம் அக்கா என்று யாரோ ஆரம்பித்தது தேய்ந்து கட்டக்கா ஆனது. தொழில்முறை ஹாக்கி லீக்கின் ஆட்ட அட்டவணையைப் பதினான்கு வருஷமாகப் போட்டவர் அவர் ஒருவர்தான். நான் அடுத்த அறையில் ஆட்டக்காரர்களின் பதிவேடு பார்ப்பவள். மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விடுவேன். அதனால் அவர் கதை எனக்குத் தெரிந்த அளவு இங்கே வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் அலுவலகம் மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. கட்டக்காவின் அறைதான் ஆகக் கடைசி. மேலே படிகள் இறங்குவதால் அறையின் கூரையும் சரிந்து இறங்கும். வாசல்பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். ஜன்னல் கிடையாது. ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் அடிப்பார்கள் அல்லவா, அந்த ஈரம் சுவர்வழியாக உள்ளே வந்து தாள்களின் ஓரத்தைச் சுருட்டிவிடும். "இங்க நான் உக்காந்திருக்கேனா, இல்ல என்னை ஊறப் போட்டிருக்காங்களா?" என்பார்.

இதற்கு முன்னால் அவர் கணக்கு ஆசிரியை. நாற்பது ஆசிரியர்கள் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசாத நாற்பது பேர். ஆனால் அட்டவணையைப் பற்றி மட்டும் ஒரு புகார் வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்போதைய லீக் செயலாளர் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, இதைப் போட்டது யார் என்று விசாரித்தாராம். அப்படித்தான் இங்கே வந்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் உப்பள அணியின் பேருந்து ஓட்டுநர். உப்பள அணிக்கு எங்கள் ஊர்தான் சொந்த ஊர்.

"அதனால என்னம்மா? நீங்க நேர்மையான ஆளுன்னு பாத்தாலே தெரியுதே" என்றார் செயலாளர்.

பாராட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை கட்டக்காவைப் பூட்டிப் போட்டுவிட்டது.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் அட்டவணை வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பதினைந்தோடும் சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் இருநூற்று நாற்பது ஆட்டம். ஒரு மைதானத்தைப் பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கொடுத்திருப்பார்கள், இன்னொன்றில் விளக்குக் கம்பம் பழுதாகியிருக்கும், வேறோர் ஊரில் அந்த வாரம் காவலுக்குப் போலீஸ் கிடைக்காது. எல்லாவற்றையும் மீறிக் கட்டங்களை நிரப்ப வேண்டும். இதில் எல்லோரும் சண்டை போடுவது பயணத்துக்காகத்தான். ஒரு திசைக்குப் போகும் அணி, அந்தப் பக்கம் இருக்கும் மூன்று ஊர்களையும் ஒரே சுற்றில் முடித்துவிட்டுத் திரும்பினால் லாபம். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகப் போய்வந்தால் உடம்பு தாங்காது. எவ்வளவு சாமர்த்தியமாகப் போட்டாலும் கடைசியில் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் எந்தச் சுற்றிலும் சேராமல் மீந்துவிடும். அந்த மிச்சத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டும்.

முதல் வருஷம் கட்டக்கா அதைப் பங்கு பிரித்துத்தான் போட்டார். துறைமுக அணியின் மேலாளர் வந்து, "உங்க வீட்டுக்காரர் அணிக்கு மட்டும் மிச்சம் கம்மியா இருக்கற மாதிரி தெரியுதே மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எண்ணிப் பார்த்தால் எல்லோருக்கும் சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மிச்சத்தை எடுத்து உப்பள அணியின் வரிசையில் எழுதினார். மேலாளர் திருப்தியாகப் போனார். அடுத்த வருஷம் இரண்டு. அதற்கடுத்த வருஷம் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஐந்து. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அட்டவணையில் எந்த இடத்தில் முடிச்சு விழுந்தாலும் உப்பள அணியின் பக்கம் தள்ளிவிட்டால் அவிழ்ந்துவிடும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வெளியே அவருக்கு நல்ல பெயர். "அந்தம்மா கை சுத்தம்" என்பார்கள்.

பதினான்காவது வருஷம் ஆட்டப் பருவம் முடிந்த வாரம் தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மைதானங்களில் கூட்டம் குறைந்திருந்தது. அணிகளில் பாதிப் பேருக்குத் தசைப்பிடிப்பு. போட்டியே பஸ்ஸில்தான் நடக்கிறது என்று பத்திரிகைகள் கேலி செய்திருந்தன.

"மொத்தமா கலைச்சுப் போட்டுட்டுப் புதுசா கட்டுங்க" என்றார் தலைவர். "பிரிவு, அட்டவணை, கடைசிச் சுற்று, எல்லாமே. ஆறு வாரம் தரேன். பொதுக்கூட்டத்துல நீங்களே நின்னு வெளக்கணும்."

கட்டக்கா அந்த ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தேன். சரிந்த கூரையின் அடியில் ஒரு பெரிய வரைபடத்தை ஒட்டிப் பதினாறு குண்டூசி குத்தினார். மதியம் சாப்பிடும்போது கரண்டியால் சுட்டிக்காட்டி எனக்கு விளக்குவார்.

"பதினாறையும் நாலு நாலா நாலு பிரிவா ஆக்கிடலாம். பக்கத்துப் பக்கத்து ஊரா. தன் பிரிவுல இருக்கற மூணு பேரோட ஆறு ஆறு தடவை ஆடு, பதினெட்டு ஆச்சு. மத்த பன்னெண்டு பேரோட ஒவ்வொரு தடவை. மொத்தம் முப்பது. அதே முப்பது ஆட்டம்தான், ஆனா பாதிக்கு மேல வீட்டுக்குப் பக்கத்துலயே."

"கடைசிச் சுற்று?"

"நாலு பிரிவுலயும் முதல் எடம் பிடிச்சவங்க நேரா உள்ள. மிச்ச நாலு எடம், யாருக்குப் புள்ளி அதிகமோ அவங்களுக்கு. அப்பறம் எட்டு பேரையும் புள்ளிப்படி வரிசையா நிறுத்தி, ஒண்ணாவது ஆள் எட்டாவது ஆளோட, ரெண்டாவது ஏழாவதோட. மூணு ஆட்டம், ரெண்டு ஜெயிச்சவங்க மேல போகலாம். மூணும் மேல இருக்கறவங்க ஊர்லயே. கீழ இருக்கறவங்களுக்கு ஒரே பயணம்."

வடக்கே நான்கு அணிகள் தானாகவே ஒன்று சேர்ந்தன. கடற்கரையில் நான்கு. மீதி எட்டில்தான் சிக்கல். அதில் ஒன்று மலை அணி. அந்த ஊருக்கு ரயில் கிடையாது. முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் போக வேண்டும். அதனோடு ஒரே பிரிவில் மாட்டிக்கொள்ளும் அணி ஒரு பருவத்தில் மூன்று முறை மலை ஏறி இறங்க வேண்டும். அடிவாரத்து அணிகள் இரண்டுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, பக்கம்தான். நான்காவதாக யார் என்பதுதான் கேள்வி. இரும்பு அணியின் ஊரிலிருந்து மலைக்கு ஏழு மணி நேரம் பத்து நிமிஷம். உப்பள அணியின் ஊரிலிருந்து, அதாவது எங்கள் ஊரிலிருந்து, ஏழு மணி நேரம் ஐம்பது நிமிஷம்.

நாற்பது நிமிஷ வித்தியாசத்தில் இரும்பு அணிதான் போக வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் இரும்பு அணியின் சொந்தக்காரர் லீக்கின் துணைத் தலைவர்.

மூன்றாவது வாரம் நான் போய்ப் பார்த்தபோது மலைப் பிரிவில் உப்பள அணியின் பெயர் எழுதியிருந்தது.

"ஏன்க்கா, இரும்புதானே பக்கம்?"

"எழுதியாச்சு, விடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஓய்வு நாள்களைத் தீர்மானிப்பதற்காக எல்லா அணிகளிடமும் கடந்த ஐந்து பருவங்களின் பயணக் குறிப்புகளைக் கேட்டிருந்தோம். சில அணிகள் தட்டச்சு செய்து அனுப்பின. உப்பள அணி ஓட்டுநரின் நோட்டுகளையே அப்படியே கட்டி அனுப்பிவிட்டது. பழுப்பு அட்டை போட்ட ஐந்து நோட்டுகள். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடிய கிலோமீட்டர், குறிப்பு என்று நான்கு பத்தி. கட்டக்காவுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் கேஸ் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கும் அதே கையெழுத்து.

ஒரு பகல் முழுவதும் கூட்டினார். எல்லா ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் உப்பள அணிதான் பதினாறிலும் குறைவாக ஓடியிருக்க வேண்டும். ஆனால் அது மலை அணிக்கு அடுத்தபடியாக, வருஷத்துக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. இரும்பு அணி ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

எண்ணைவிட அவரைக் கவிழ்த்தது குறிப்புப் பத்திதான். அதில் பெரும்பாலும் 'டயர் மாற்றம்', 'மழை' என்று ஒற்றை வார்த்தை இருக்கும். நடுநடுவே வேறு சிலவும் இருந்தன. 'கண் எரிச்சல். நிறுத்தி முகம் கழுவினேன்.' 'இடுப்பு. மெதுவாக வந்தேன்.' 'இருநூற்றுப் பதினான்காவது கிலோமீட்டரில் ஓரங்கட்டி நாற்பது நிமிஷம் தூங்கினேன். ஆட்டக்காரர்கள் தூக்கம். யாருக்கும் தெரியாது.' மூன்றாவது நோட்டில் ஒரு தேதிக்கு எதிரே: 'வீட்டில் ஆபரேஷன். வண்டியை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி.'

அது கட்டக்காவுக்குப் பித்தப்பை எடுத்த நாள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கணவர் பஸ் சாவியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. அவர் பதினொரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. அந்த ஆட்டமும் ஒரு மிச்சம். கட்டக்கா தன் கையால் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பருவம் முடிந்து கணவர் வீட்டில் இருந்தார். வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே நடந்ததைக் கட்டக்கா எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, வழியில நிறுத்தித் தூங்கினேன்னு நோட்டுல எழுதியிருக்கீங்க. எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லி? நீ வந்து ஓட்டப் போறியா?"

"வெளையாடாதீங்க. உங்க அணிக்குத்தான் எப்பவும் மிச்சத்தப் போட்டேன். பதினாலு வருஷமா. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான்."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து. சாப்பிட நிறுத்துற எடத்துல டிரைவருங்க எல்லாம் பேசிக்குவோமில்ல? ஒவ்வொருத்தனும் மூணு ஊர ஒரே சுத்துல முடிச்சுட்டு வரான். நான் மட்டும் போறேன், வரேன், போறேன், வரேன். 'உன் வீட்டுக்காரிக்கு உன்மேல என்னய்யா கோவம்'னு கேப்பானுங்க. சிரிச்சுட்டு வந்துருவேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாத்துவ. மாத்தினா ஊர் வாய் சும்மா இருக்காது. அப்பறம் உன்னால அந்த எடத்துல உக்கார முடியாது." நறுக்கிய காயைத் தட்டில் தள்ளினார். "உன் நேர்மைக்கு நான்தான் டீசல் ஊத்திட்டு இருக்கேன்னு நெனச்சுக்குவேன். சில நாள் பெருமையா இருக்கும். இடுப்பு வலிக்கிற அன்னிக்கு எரிச்சலா இருக்கும்."

கட்டக்கா அழவில்லை. அழுதிருந்தால் கணவர் சமாதானப்படுத்தியிருப்பார், அதோடு முடிந்திருக்கும் என்றார் என்னிடம். கட்டக்கா கேட்டது ஒன்றுதான். "இப்ப மாத்தட்டுமா?"

"எனக்காக மாத்தாத" என்றார் கணவர். "எனக்கு எதிராவும் போடாத. அளந்து பாரு. என்ன வருதோ அத எழுது."

திங்கட்கிழமை வந்ததும் மலைப் பிரிவில் உப்பள அணியை அடித்துவிட்டு இரும்பு அணியை எழுதினார். எழுதிய பிறகும் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பதினாலு வருஷத்துல முதல் தடவையா சரியாப் போட்டிருக்கேன். திருட்டு வேலை செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

பொதுக்கூட்டம் மைதானத்தின் விருந்தினர் அறையில் நடந்தது. நீள மேஜையைச் சுற்றிப் பதினாறு அணிகளின் ஆள்கள், தலைமாட்டில் தலைவர், அவருக்கு வலப்பக்கம் துணைத் தலைவர். தாள்களை விநியோகிக்க நானும் போயிருந்தேன். கட்டக்கா ஒரு மணி நேரம் நின்று பேசினார். நாலு பிரிவு, முப்பது ஆட்டம், கடைசி எட்டு. கேட்ட கேள்விக்கெல்லாம் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னார். வடக்கத்திய அணியின் ஆள் ஒருவர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்.

அப்போது துணைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். மலைக்கு எங்கள அனுப்பறீங்க. உப்பள அணி தப்பிச்சுக்குது. உப்பள அணி பஸ்ஸ ஓட்டறது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்னு நெனைக்கறேன்."

கட்டக்கா எதிர்பார்த்திருந்ததுதான். காலடியில் வைத்திருந்த பையிலிருந்து ஐந்து நோட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாற்பது நிமிஷம் நீங்க பக்கம் சார். அளந்துதான் போட்டேன். சலுகை காட்டறேன்னு நெனச்சீங்கன்னா, இதப் பாருங்க. பதினாலு வருஷமா ஒவ்வொரு மிச்சத்தையும் அந்த அணி தலையிலதான் கட்டியிருக்கேன். யாரும் எதுவும் சொல்லிடக் கூடாதேங்கற பயத்துல."

நிரபராதி என்று நிரூபிக்கத்தான் சொன்னார். சொன்ன மறுநிமிஷமே இரண்டு பக்கமும் அடைபட்டது.

"அப்ப பதினாலு வருஷமா அட்டவணை கோணலா இருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார் துணைத் தலைவர் மெதுவாக.

உப்பள அணியின் மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு இது முழுப் புதுச் செய்தி. "எங்க பசங்க முட்டி தேஞ்சு கெடக்கறானுங்க. நாங்க தோத்த ஆட்டமெல்லாம் உங்க நல்ல பேருக்காகத் தோத்ததா? உங்களுக்கு நாங்க என்னம்மா கெடுதல் பண்ணோம்?"

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் கட்டக்கா. அது கடைசி நாற்காலிவரை கேட்டதா என்பதே சந்தேகம்.

தலைவருக்குத் தகராறு பிடிக்காது. திட்டம் முழுவதும் நல்ல திட்டம், ஒரே ஓர் இடத்தில்தான் சந்தேகத்தின் நிழல் விழுகிறது, அதை நீக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். இரும்பு அணியையும் உப்பள அணியையும் இடம் மாற்றலாமா என்று கை தூக்கச் சொன்னார். பத்துக்கு ஆறு. உப்பள அணி மலைப் பிரிவுக்குப் போனது. அதாவது, பயத்தில் கட்டக்கா முதலில் எழுதியது எதுவோ, அதுவே நியாயம் என்ற பெயரில் அவர் தலையில் வந்து விழுந்தது.

மறுநாள் அவர் ராஜினாமாக் கடிதத்தோடு தலைவரிடம் போனார். நான் வராந்தாவில் காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"'இப்பப் போனா குத்தத்த ஒத்துக்கிட்டு ஓடின மாதிரி ஆயிரும், இருங்க'ங்கறாரு. தப்பா சொல்லல. அப்பறம் இன்னொண்ணு. நான் போனா இந்த எடத்துக்குத் துணைத் தலைவரோட மச்சான் மகன் தயாரா இருக்கானாம்." கடிதத்தை நாலாக மடித்தார். "அவன் கையில அட்டவணை போனா, மலைக்கு மூணு தடவை இல்ல, முப்பது தடவை அனுப்புவான்."

அதன் பிறகு அந்த அறைக்குள் நான் நுழையும்போதெல்லாம் கூரை இன்னும் ஒரு சாண் இறங்கியதுபோல எனக்குத் தோன்றும். வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. தன் கணவரை மலைக்கு அனுப்பும் மூன்று தேதிகளைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக் காலத்தில் போட்டால் பாதை வழுக்கும். பனிக் காலத்தில் போட்டால் வளைவு தெரியாது. வெயில் காலத்தில் மூன்றையும் போட்டால் சலுகை என்பார்கள். ஒரு தேதியை எழுதுவார், அழிப்பார். தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து ஓட்டை விழுந்துவிட்டது. வேறு தாள் ஒட்டி மறுபடி எழுதினார்.

அந்த நாள்களில்தான் ஒரு வேலை செய்தார். புதிய அமைப்புக்குப் புதிய விதிப் புத்தகம் அச்சாக வேண்டியிருந்தது. அதன் பதினோராம் பக்கத்தில், மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கும் நேரம் பற்றிய விதிக்கும் சட்டையின் எண் அளவு பற்றிய விதிக்கும் நடுவே, ஒன்றைச் சேர்த்தார். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை ஆட்டம் முடிந்த அன்றே தொடங்கக் கூடாது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிறகே வண்டியை எடுக்க வேண்டும். ஓட்டுநர் பஸ்ஸுக்குள் அல்ல, ஆட்டக்காரர்கள் தங்கும் விடுதியிலேயே கட்டிலில் படுக்க வேண்டும். பதினாறு அணிகளுக்கும் ஒரே மாதிரி. யாரும் சலுகை என்று சொல்ல முடியாது. ஆதாரமாகப் பதினாறு அணிகளின் பயணக் குறிப்புகளிலிருந்தும், வழியில் கண் அசந்து நிறுத்திய இடங்களைத் தேடி எடுத்து அடியில் பட்டியலாகக் கொடுத்தார். உப்பள அணியைவிட இரும்பு அணியின் ஓட்டுநர் ஒருமுறை அதிகமாகவே நிறுத்தியிருந்தார். துணைத் தலைவர் அந்த வரியைப் படித்துவிட்டு மென்று விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

விதி வந்ததும் வெவ்வேறு அணிகளின் ஓட்டுநர்கள் நாலைந்து பேர், ஆட்டத்துக்காக எங்கள் ஊருக்கு வரும்போது, இந்த அறையைத் தேடி வந்து தலையைக் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "பதினேழு வருஷ சர்வீஸ்ல முதல் தடவையாக் காலை நீட்டித் தூங்கினேன்மா" என்றார். கட்டக்கா எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆனால் அதிலும் ஒரு வினை இருந்தது. முன்பெல்லாம் எவ்வளவு தூரமானாலும் கணவர் ஆட்டம் முடிந்ததும் கிளம்பி விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது தங்கித்தான் வர வேண்டும். பழைய கணக்கில் ஆட்டத்துக்கு முந்தின இரவு மட்டும், பருவத்துக்குப் பதினைந்து இரவுகள் வெளியே. புதுக் கணக்கில் இருபத்தெட்டு. அதையும் கட்டக்காதான் எண்ணினார். "தூங்க வெச்சேன். ஆனா வேற ஊர்ல தூங்க வெச்சிருக்கேன்" என்றார்.

புதிய பருவம் தொடங்கியது. அமைப்பு நன்றாகவே வேலை செய்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஆறு முறை மோதிக்கொள்வதால் வீம்பு ஏறி, மைதானங்கள் நிரம்பின. அட்டவணையைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அதில் தலைவரின் படம் போட்டிருந்தார்கள்.

மலைக்கு மூன்று பயணம் ஆயிற்று. முதல் முறை மழை. கட்டக்கா காலையிலிருந்து வானிலைச் செய்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை நான்கு மணிக்குக் கணவர் தொலைபேசியில், "வந்து சேந்துட்டேன். முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்து மூணு வளைவு. நல்லா எண்ணிட்டேன், உன் படத்துல திருத்திக்க" என்றார். கட்டக்கா நிஜமாகவே எழுந்து போய்த் திருத்தினார். இரண்டாவது முறை பனி. மூன்றாவது முறை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றுதான் கட்டக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கடைசி நாள் உப்பள அணிக்குச் சொந்த ஊரில் ஆட்டம். சமன் செய்தாலே கடைசி எட்டுக்குள் எட்டாவதாக நுழையலாம் என்ற நிலை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டுக்கு இரண்டு. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டக்கா புள்ளிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். மேலே கூட்டம் ஆட்டம் போடும் சத்தத்தில் டீயில் அலை எழும்பியது.

"ஜெயிக்கணும்னு வேண்டிக்கறீங்களா, தோக்கணும்னு வேண்டிக்கறீங்களா?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் பட்டியலின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். முதலிடத்தில் மலை அணி. ஒன்றாவது ஆள் எட்டாவது ஆளோடு. மூன்று ஆட்டமும் மேலே இருப்பவர்கள் ஊரிலேயே.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டிலேயே முடிந்தது. ஊரே கொண்டாடியது. கால்மணி நேரம் கழித்துக் கணவர் படியிறங்கி வந்து அறை வாசலில் நின்றார். வேர்வையும் சிரிப்புமாக இருந்தார்.

"உள்ள நொழைஞ்சுட்டோம், பாத்தியா? யாரோட?"

கட்டக்கா பட்டியலைத் திருப்பி வைத்தார். அவர் குனிந்து படித்தார். சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"நாலாவது தடவையா?"

"விதிய நான்தாங்க எழுதினேன். சரியான விதிதான்."

"சரியில்லன்னு நான் சொன்னனா?" என்றார் அவர். கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "எப்ப கெளம்பணும்?"

"வியாழக்கிழமை. ஏழு மணிக்கு முன்னாடி வண்டிய எடுக்கக் கூடாது."

"அப்ப கம்பளிய எடுத்து வெயில்ல போட்டு வை" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போனார்.

உப்பள அணி மலையில் முதல் இரண்டு ஆட்டத்திலேயே தோற்று, மூன்றாவதற்கு வேலையில்லாமல் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. எல்லோரும் பத்திரமாக வந்தார்கள். கணவரின் இடுப்பு மட்டும் ஒரு வாரம் எழுந்திருக்க விடவில்லை. இன்னும் இரண்டு பருவம் ஓட்டிவிட்டு நகரப் பேருந்துக்கு மாறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கட்டக்கா அதை நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாது.

மறுவாரம் தலைவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. புதிய அமைப்புக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து இன்னோர் ஊரும் அணி தொடங்குகிறது, அடுத்த பருவத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. கட்டக்கா அதை இரண்டு முறை படித்தார். பெட்டியிலிருந்து பதினேழாவது குண்டூசியை எடுத்தார். வரைபடத்தில் குத்தாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு" என்றார் என்னிடம். "ஜோடி சேராது. எப்படிப் போட்டாலும் வாரத்துக்கு ஒருத்தர் வெளிய நிக்கணும். யாருன்னு நான்தான் சொல்லணும்."